ஜாகா இல்லாத பூப்பந்துக் கொட்டகை

நல்லசாமியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. இடி இடித்தால் போர்வைக்குள் தலையை விட்டுக்கொள்வான். பாதையில் மரவட்டை ஊர்ந்தால் சுற்றிக்கொண்டு போவான். துரை கூப்பிட்டு அனுப்பினால், போவதற்கு முன் கொல்லைப்பக்கம் ஒரு நடை ஓடிவிட்டுத்தான் போவான். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் அடுத்த வீடு அவனுடையது. அவனும் அவன் பெண்டாட்டி வள்ளிநாயகியும் மட்டும்தான், பிள்ளை இல்லை. என்னை அக்கா என்பான், என் வீட்டுக்காரர் தங்கராஜுவை மாமா என்பான். நான் அவனை என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறேன் என்பதை இங்கே எழுதினால் நன்றாயிருக்காது.

ஆனால் மலாயாவில் எங்கள் புக்கிட் பெலண்டோக் பக்கம் எவனுக்கும் தோன்றாத ஒரு தொழிலை ஜப்பான்காரன் காலத்தில் ஆரம்பித்தவன் அவன்தான். அவனுக்கு அந்த யோசனையைக் கொடுத்தது தைரியம் இல்லை, பயம்தான்.

வெள்ளைக்காரன் இருந்தவரை நல்லசாமிக்கு துரை பங்களாவில் வேலை. பந்து விளையாடும் தரைக்கு உருளை இழுப்பான், சுண்ணாம்பில் கோடு போடுவான், வலை கட்டுவான். துரையும் அவர் சிநேகிதர்களும் விளையாடும்போது மரத்தடியில் நின்று பார்ப்பான். பிறகு சண்டை வந்தது. துரை காரில் ஏறி சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார். போர்டிக்சன் ராணுவ முகாமில் ஜப்பான் கொடி ஏறியது. ரப்பர் வாங்க ஆள் இல்லாமல் பால் வெட்டு நின்றுபோனது. ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கும் பெரிய ஸ்டோர் காலியாகி, வௌவால் மட்டும் குடியிருந்தது. நாங்கள் மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டு, அதையே காலையிலும் மாலையிலும் தின்றோம்.

வணக்கம் சரியாகக் குனிந்து போடவில்லை என்று சந்தையில் அறை வாங்கியவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பயத்தோடு எப்படியோ ஒரு வருஷம் ஓட்டிவிட்டோம். அதற்குப் பிறகுதான் சயாம் என்ற பேச்சு வந்தது. சயாமில் ரயில் போடுகிறார்கள், ஆள் வேண்டும், நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு என்றார்கள். முதலில் சிலர் தாமாகவே போனார்கள். அவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. பிறகு லாரி வந்து பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தது. ஆள் பிடிக்க அவர்களுக்கு வசதியான இடம் பெரட்டுக் களம்தான்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால் வெட்டு நின்ற பிறகும் ஜப்பான்காரன் அதை விடவில்லை. விடியும் முன் தண்டவாளத் துண்டைத் தட்டி மணி அடிப்பார்கள். ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கு எழுதும் கிராணி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் வாசிப்பார். "இருக்கேன்" என்றால் அன்றைக்குப் பேர் விழும், பேர் விழுந்தால்தான் அரிசிப் பங்கு. யாருக்காவது காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் அவனுக்காகவும் ஒரு குரல் கொடுத்துவிடுவான். இது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். கிராணிக்கும் தெரியும், வேலை வாங்கும் மண்டோருக்கும் தெரியும். யாரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு என்று எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் பிழைத்தன.

சயாம் பேச்சு வந்த நாளிலிருந்து நல்லசாமி பெரட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். என் வீட்டுக்காரர் தன் பெயருக்குத் தன் குரலிலும், அவன் பெயருக்கு மூக்கால் கொஞ்சம் மெல்லிசாகவும் "இருக்கேன்" சொல்லி வந்தார். அரிசிப் பங்கையும் வாங்கி வந்து கொடுத்தார். ஆனால் அந்தப் பங்கு ஒரு வயிற்றுக்கே காணாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் வள்ளிநாயகி முழுகாமல் இருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் என் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஸ்டோரு சும்மாதானே கெடக்கு லா. லுக்குட்டு பையனுங்க பூப்பந்து வெளையாட எடம் தேடுறானுங்க. வெளியில கடக்காத்து. பந்த அடிச்சா அது எங்கயோ போவுது."

"ஒலகம் பத்தி எரியுது, ஒனக்கு வெளையாட்டு கேக்குதா?"

"நான் வெளையாடலக்கா. வாடகைக்கு வுடப்போறேன். மணிக்கணக்குக்கு."

"வாசல்ல ஒக்காந்து வசூல் பண்றது யாரு? நீயா? ஈ பறந்தாலே ஓடுவியே!"

"யாரும் ஒக்கார வேணாம். அவுங்களே வருவாங்க, அவுங்களே மட்டைய எடுப்பாங்க, வெளையாண்டுட்டு வாடகைய வெச்சிட்டு அவுங்களே போயிருவாங்க."

"காவலுக்கு ஒரு ஜாகா இல்லாமயா? மட்டையோட சேர்த்து கதவையும் கழட்டிக்கிட்டுப் போவான் பாரு."

"ஜாகா இருந்தா ஜாகாவ புடிச்சுக்கிட்டு போயிருவான்க்கா" என்றான். நான் மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

ஸ்டோருக்குள் வௌவால் எச்சத்தைக் கழுவி, சுண்ணாம்பில் கோடு போட்டான். அதில் மட்டும் அவனை ஒரு குறை சொல்ல முடியாது, நூல் பிடித்த மாதிரி இருந்தது. சி ரூசாவில் மீன்பிடிக்கிற மலாய்க்காரர் ஒருவர் கிழிந்த வலை கொடுத்தார், அதை நடுவில் கட்டினான். கிராணிமார் கிளப்பில் கிடந்த மட்டைகளுக்குத் தூண்டில் நரம்பு கோத்தான். பந்துதான் தகராறு. முதலில் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டி வாத்து இறகு குத்திப் பார்த்தான். அது கல் மாதிரிப் பறந்து ஒருத்தன் மூக்கைப் பதம் பார்த்தது. கடைசியில் மரவள்ளித் தண்டின் உள்நெட்டியை எடுத்து, ரப்பர் பாலில் முக்கிக் காயவைத்து இறகு குத்தினான். அது நன்றாகவே பறந்தது.

மணிக்கணக்கு என்றானே, மணியை எப்படிப் பார்ப்பது? ஜப்பான்காரன் கடிகாரத்தையே தோக்கியோ நேரத்துக்கு முன்னால் தள்ளிவிட்டான். பாதிப் பேர் பழைய மணி சொல்வார்கள், பாதிப் பேர் புது மணி சொல்வார்கள், சண்டைதான் மிச்சம். நல்லசாமி ஒரு பால்வாளியின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டுத் தூணில் தொங்கவிட்டான். வருகிறவன் பீப்பாயிலிருந்து தண்ணீர் மொண்டு வாளியை நிரப்ப வேண்டும். சொட்டுவது நின்றால் மணி முடிந்தது. மட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, கால்பட்டு அழிந்த கோட்டுக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டு, வாடகையை மரப்பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு வேண்டாம், உப்போ கிழங்கோ கருவாடோ எண்ணெயோ, எது கையில் இருக்கிறதோ அது. உள்ளே வாளி சொட்டுகிற சத்தம் கேட்டால் அடுத்தவன் வெளியில் காத்திருக்க வேண்டும். முதலில் வந்த இரண்டு பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தான். அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

அவன் எங்கே இருந்தான் என்றால், மேலே பரணில். பழைய சாக்குகளுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். இது எங்களுக்கும் வள்ளிநாயகிக்கும் மட்டும் தெரியும். இருட்டிய பிறகு இறங்கிப் பெட்டியைப் பார்ப்பான்.

லுக்குட் கடைப் பையன்கள் வந்தார்கள். போர்டிக்சன் ஆபீஸ் கிராணிகள் வந்தார்கள். சிரம்பானிலிருந்து வந்து உறவுக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்த செட்டியார் வீட்டுப் பிள்ளை சோலையப்பன் சைக்கிளில் வந்து, ஆளே இல்லாத கடையில் வியாபாரம் நடப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தான். வெளியே எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் நடந்தார்கள். அந்தக் கொட்டகைக்குள் மட்டும் அண்ணாந்து பார்த்தார்கள், சிரித்தார்கள். அவர்கள் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், மேலே இருப்பவனுக்கு வியர்த்து ஊற்றும்.

ஒருநாள் யாரோ ஒருவன் உப்பு வைப்பதற்குப் பதில் பெட்டியிலிருந்து உப்பை அள்ளியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து நல்லசாமிக்குச் சாக்குத் தூசியில் தும்மல் வந்துவிட்டது. கீழே இருந்தவன் அள்ளிய உப்பையும் போட்டு, போட்டிருந்த சட்டையையும் கழற்றி வைத்துவிட்டு ஓடினான். ஸ்டோரில் முனி இருக்கிறது என்ற பேச்சு சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. நாங்கள் சிரிசிரியென்று சிரித்தோம். நல்லசாமி சிரிக்கவில்லை. தும்மலைக் கேட்டுவிட்டானே, யாரிடமாவது சொல்வானே என்று காய்ச்சலில் விழுந்தான்.

இன்னொரு நாள் நிஜமாகவே எங்களுக்குக் குலை நடுங்கியது. போர்டிக்சன் கிராணி ஒருவரோடு ஒரு ஜப்பான் சிப்பாய் வந்துவிட்டான். துப்பாக்கியைத் தூணில் சாய்த்துவிட்டு, சொந்தக்காரன் எங்கே என்று கத்தியிருக்கிறான். கிராணி மலாயில் திக்கித் திக்கி விவரம் சொன்னார். சிப்பாய் வாளியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், அண்ணாந்து பரணையும் பார்த்தான். பிறகு தானே தண்ணீர் மொண்டு ஊற்றி, சொட்டு நிற்கும்வரை விளையாடி, ஒரு பொட்டலம் சீனியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனான். நல்லசாமி இறங்கி வந்தபோது அவன் சாரம் நனைந்திருந்தது. அந்தச் சீனியில் விஷம் இருக்கும், வள்ளிநாயகி தொடக்கூடாது என்று வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டான். சீனியைக் கண்ணால் கண்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது! விஷயம் தெரிந்து நான் போய்த் தோண்டுவதற்குள் எறும்பு முந்திக்கொண்டது. அன்றைக்கு நான் திட்டிய திட்டை அவன் சாகும்வரை மறந்திருக்க மாட்டான்.

ஆனாலும் வள்ளிநாயகியின் முகத்தில் கொஞ்சம் சதை போட்டது. என் பிள்ளைகளுக்கும் கருவாடு கிடைத்தது.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு விடியலில், வழக்கம்போல மணி அடித்தது. களத்தில் போய் நின்ற பிறகுதான் லாரியைப் பார்த்தோம். துப்பாக்கியோடு சிப்பாய்கள் சுற்றி நின்றார்கள். கிராணி பெயர் வாசித்தார், ஆனால் எல்லாப் பெயரையும் வாசிக்கவில்லை. பிள்ளை இல்லாத ஆண்களை மட்டும் முதலில் பிடிப்பது என்று முடிவாகியிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு மூன்று பிள்ளைகள், அவர் பெயர் அதில் இல்லை.

"நல்லசாமி" என்றார் கிராணி. சொன்ன குரல் சரியில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

"இருக்கேன்" என்றார் என் வீட்டுக்காரர், மூக்கால், மெல்லிசாக. இத்தனை மாசம் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. சிப்பாய் அவர் தோளைப் பிடித்து இழுத்து லாரிப் பக்கம் தள்ளினான்.

நான் நல்லசாமி இல்லை என்று அவர் சொல்லலாம். சொன்னால் இத்தனை மாசம் பொய்க்குரல் கொடுத்ததற்கு அங்கேயே தலை போகும். கிராணி சொல்லலாம். சொன்னால் அவர் தலையும் சேர்ந்து போகும். மண்டோர் தரையைப் பார்த்தார். களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவர் வாயும் திறக்கவில்லை. என் கடைசிப் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டிருந்தது.

அது கரியில் ஓடுகிற லாரி. அடுப்புப் பற்றி ஆவி பிடிக்க நேரம் எடுக்கும். துணிமணி கொண்டுவந்து கொடுக்கலாம் என்று வீட்டு ஆட்களை விட்டார்கள். நான் வீட்டுக்கு ஓடவில்லை, ஸ்டோருக்கு ஓடினேன்.

"டேய், எறங்குடா! எறங்கு!"

பரணில் சத்தமே இல்லை. லாரி வந்தது அவனுக்குக் கேட்டிருக்கும். நான் அழுதுகொண்டே சொன்னேன்: "ஒம் பேர கூப்பிட்டானுங்க. ஒம் மாமா இருக்கேன்னு சொல்லிட்டாரு. லாரியில ஏத்திட்டானுங்கடா."

அவனைக் கூப்பிட்டது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அவன் வராமல் இருந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஏணியில் அவன் கால் தெரிந்தது. கால் ஆடிய ஆட்டத்தில் ஏணியே ஆடியது.

"அக்கா, வாளி ஓட்டை அடச்சுக்கும். வள்ளிய ஊசி வெச்சு குத்திவுடச் சொல்லு."

"சரிடா."

"அவள இப்ப கூப்புடாதக்கா. அவ மூஞ்சிய பாத்தா எனக்கு காலு வராது."

அங்கே கிடந்த சாக்கு ஒன்றில் இரண்டு பழந்துணியைச் சுற்றி மூட்டையாக்கி அவன் கையில் கொடுத்தேன். களத்தில் எல்லாரும் பார்க்க, மூட்டை கொடுக்க வந்த உறவுக்காரன் மாதிரி லாரிக்குப் பின்னால் போனான். சிப்பாய் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்த நேரம் மேலே ஏறிவிட்டான். நான் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர்கள் பேசியது அத்தனையும் கேட்டது.

"நீ எதுக்குடா வந்த? போ, வள்ளி புள்ளத்தாச்சி. நான்தானே வாயக் குடுத்தேன், நான் போறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எறங்கு மாமா."

"போடான்னா!"

"மாமா, எனக்கு ரொம்ப பயமா இருக்கு. இன்னுங்கொஞ்சம் நின்னா நான் ஓடிருவேன். சீக்கிரம் எறங்கு மாமா!"

சொல்லிக்கொண்டே அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். விழுந்த அவரை, வழியனுப்ப ஏறிய எவனோ என்று நினைத்து சிப்பாய் பூட்ஸ் காலால் உதைத்து விரட்டினான். மேலே ஏற்றிய தலைகள் குறையவில்லை, அவனுக்கு அது போதும். லாரி கிளம்பியது. நல்லசாமி எங்களைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வள்ளிநாயகியிடம் நான்தான் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "சாப்டாராக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவன் சாப்பிடவில்லை.

கொட்டகை இத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தோம். வள்ளிநாயகி இரண்டு மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தாள். மட்டைகள் ஆணியில் இருந்தன. கோடு வெள்ளையாக இருந்தது. பெட்டியில் கிழங்கும் உப்பும் இருந்தன. சேதி எப்படியோ பரவியிருந்தது. பரணில் இருந்தது முனி இல்லை, மனுஷன் என்பதும், அந்த மனுஷன் இப்போது இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகும் ஒருவரும் ஏமாற்றவில்லை. வாளி அடைத்துக்கொண்டால் விளையாட வந்தவர்களே குத்திவிட்டார்கள். இறகு உதிர்ந்தால் லுக்குட் பையன்கள் புது இறகு கொண்டுவந்தார்கள். அவள் வயிறு இறங்கத் தொடங்கியதும் பெட்டியில் பூண்டும் நல்லெண்ணெயும் பெருங்காயமும் இருந்தன. எண்ணெய் செட்டியார் வீட்டுப் பிள்ளை வைத்ததாக இருக்கும். மற்றதை யார் வைத்தார்கள் என்று தெரியாது. விளையாட ஆள் வராத மழை நாட்களிலும் பெட்டி காலியாக இருந்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பால் கொடுக்க அவள் உடம்பில் தெம்பு இருந்தது என்றால், அது அந்தப் பெட்டியில் வந்த தெம்புதான். மயிலம்மாள் என்று பெயர் வைத்தாள்.

ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் திரும்பி வந்து ஸ்டோரைக் கேட்டான், வலையைக் கழற்றினோம். சயாமிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள், வந்தவர்களைவிட வராதவர்கள்தான் அதிகம். நல்லசாமியைப் பற்றிக் கேட்டால், ஒரு முகாமில் பார்த்தேன் என்றார்கள், அங்கே காலரா வந்தது என்றார்கள். என் வீட்டுக்காரர் வந்தவர்களை எல்லாம் தேடிப் போய்க் கேட்பார், கேட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வார்.

ஒருநாள் மத்தியானம் லயத்து வாசலில் எலும்பும் தோலுமாக ஒருவன் வந்து நின்றான். தலைமுடி கொட்டியிருந்தது, கால் முழுக்கப் புண் ஆறிய தழும்பு. அப்போதும் எங்கள் நாய் குரைத்ததற்குப் பின்வாங்கினான். அதை வைத்துத்தான் அவனை எனக்கு அடையாளம் தெரிந்தது. "டேய்!" என்று கத்தினேன். வள்ளிநாயகி ஓடி வந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மயிலம்மாளும் வந்தாள்.

குழந்தை அவனை ஏறிட்டுப் பார்த்தது. மறுநொடி வீறிட்டு அலறி உள்ளே ஓடிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வள்ளிநாயகி, "அப்பாதான்டி, ஒங்கப்பாதான்டி" என்று இழுத்தாள், அது இன்னும் அலறியது.

எல்லாவற்றையும் பார்த்துப் பயந்தே வாழ்ந்தவன் அவன். அவனைப் பார்த்து ஒரு உயிர் பயந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் அவன் பிள்ளை.

"வுடு வள்ளி, கூப்புடாத. பயப்படுறவங்கள கூப்புடக்கூடாது" என்றான்.

வாசலுக்கு வெளியே போய்க் குழந்தைக்கு முகம் தெரியாதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். சோறு கொண்டுவந்து வைத்தோம், திரும்பாமலே சாப்பிட்டான். என் வீட்டுக்காரர் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அவருக்கும் மெதுவாகத்தான் பதில் சொன்னான், குரல் உள்ளே கேட்டுவிடக் கூடாதாம். வெயில் இறங்கியது. கதவுக்குப் பின்னால் அழுகை நின்று, விக்கல் நின்று, எட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அவன் அசையவில்லை. பொழுது சாயும் நேரம் மயிலம்மாள் ஒவ்வோர் அடியாக வெளியே வந்து, அவன் முதுகில் துருத்திக்கொண்டிருந்த எலும்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.